மீட்டர் பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு

மின்சார அலுவலகத்தின் திருட்டுத் தடுப்புப் பிரிவில் அவளை டார்ச் அக்கா என்பார்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் டார்ச்சை எரியவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பாள். முதலில் மீட்டரின் மேல், பிறகு வீட்டுக்காரர் முகத்தின் மேல். மீட்டரைவிட முகத்துக்குத்தான் வெளிச்சம் அதிகம் தேவை என்பது அவள் கட்சி.

மீட்டரின் மூடியை முறுக்குக் கம்பியால் கட்டி, கம்பியின் முனையில் ஈய முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த முத்திரைதான் அவளுக்கு வேதம். திருடுகிறவர்கள் மீட்டரின் பக்கவாட்டில் காந்தத்தை ஒட்டிச் சக்கரத்தை மெதுவாக்குவார்கள். இல்லையென்றால் கம்பியை அறுத்து உள்ளே கைவைத்துவிட்டு, அறுத்த இடத்தை மெழுகு பூசி மறைப்பார்கள். பிடிபட்டதும் பூக்கடைக்காரர் முதல் வக்கீல் வரை எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "சும்மா என்னன்னு பார்க்கத்தான் தொட்டேன்." தன் சர்வீஸில் ஒருநாளும் அவள் அதை நம்பியதில்லை. "பார்க்கிறதுக்கு இது என்ன சினிமாவா?" என்று கேட்டுக்கொண்டே வழக்கு எழுதிவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மகள், எதைத் தொட்டாலும் "சும்மா பாத்தேன்மா" என்கிற ரகம்.

வாண்டு என்று கூப்பிடப்பட்ட அந்தப் பெண் நாலாம் வகுப்பில் படித்தாள். வீட்டில் எந்தப் பொருளும் வாங்கி வைத்த இடத்தில் இருக்காது, வாங்கின வேலையையும் செய்யாது. தேநீர் வடிகட்டியில் குளத்துத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். உப்பு ஜாடிக்குள் ஒரு நூல் தொங்கும். எங்கிருந்தோ பிடுங்கிய காந்தத்தால் பள்ளி மைதானத்து மணலைத் துழாவி, ஒட்டிக்கொண்ட கறுப்பு இரும்புத்தூளை அப்பாவின் மருந்துப் புட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். அப்பா பல் செட்டு செய்கிறவர். அவர் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் பற்களையும் அவள் விடவில்லை. கம்பி போட்ட பல் காந்தத்தில் ஒட்டுகிறது, போடாதது ஒட்டவில்லை என்று சாப்பிடும்போது அறிவித்தாள். அன்று யாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் டார்ச் அக்கா பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பொறுக்காமல் போனது வேறொன்று: வீட்டுக்கு வந்த மின்கட்டணம் குறைந்திருந்தது.

வேறு வீடாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அக்கா பில்லின் மேலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். அதே விளக்கு, அதே மின்விசிறி, அதே ஆட்கள், கட்டணம் மட்டும் எப்படி இறங்கும்? அவள் உத்தியோகத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் தன் வீட்டு வாசலிலேயே இருந்துவிட்டால் கதை முடிந்தது. பணியாளர் வீட்டு முத்திரை உடைந்திருந்தால் அந்த நிமிஷமே பணியிடைநீக்கம், விசாரணையெல்லாம் பிறகுதான் என்று அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அந்தத் தாளுக்குப் பசை தடவியதே அவள்தான்.

"இந்த மாசம் பில்லு கம்மியாமே, நல்லதுதானே?" என்றார் கணவர், முகம் மழித்துக்கொண்டே.

"எப்படிக் கம்மியாச்சுன்னு உங்களுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லையா?"

"ஏறினப்போ ஆச்சரியப்பட்டேன். நீதான் வாயை மூடுங்கன்னே."

அவர் சீட்டியடித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனசாட்சி சுத்தமாக இருந்த எந்த நாளிலும் அவர் சீட்டியடித்ததில்லை என்பது அக்காவின் கணிப்பு. தவிர, அவர் தொழிலே மெழுகு. ஈறு மாதிரி அச்செடுக்கிற சிவப்பு மெழுகுத் தகடுகள் சட்டைப் பையிலேயே கிடக்கும். முத்திரையை மறைக்க அதைவிட வாகான பண்டம் உலகத்தில் கிடையாது.

சந்தேகப் பட்டியலில் இரண்டாவது ஆளாக மகள் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வகுப்பில் சிவப்புச் சாக்பீஸ் மட்டும் காணாமல் போகிறதாம்.

"உங்க பொண்ணுன்னு நான் சொல்லலைங்க," என்றார் டீச்சர். "ஆனா மத்த பிள்ளைங்க பையில தேடினேன், கிடைக்கலை. உங்க பொண்ணு பையில தேடினா செத்த பல்லி ஒண்ணு கிடைச்சுது. அதுக்கப்புறம் நான் தேடலை."

"கடைசியா வகுப்புல என்ன பாடம் நடத்தினீங்க?"

"கூடு கட்டுற பூச்சிங்க. குளவி பக்கத்துல இருக்கிற ஈரமண்ணை எடுத்துக் கட்டும்னு சொன்னேன். அது எந்த மண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், கூடவே போய்ப் பாத்தீங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உட்காருன்னு சொன்னேன்."

குளவி அக்காவின் காதில் ஏறவில்லை, சாக்பீஸ்தான் ஏறியது. சிவப்பு. மெழுகும் சிவப்பு. அப்பாவும் பெண்ணும் கூட்டு.

அதன்பிறகு வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்க ஆரம்பித்தாள். மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் வாசல் பக்கச் சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியின் முன்னால் நிற்கிறாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேதான் போகிறாள். பாவாடைப் பையில் காந்தம் புடைத்துக்கொண்டிருக்கிறது.

"அங்க என்னடி வேலை?"

"சும்மா பாத்தேன்மா."

"எதை?"

வாண்டு ஒரு கணம் யோசித்தாள். "சக்கரம் சுத்துறதை."

பொய் சொல்கிறவர்கள் பாதி உண்மையை எடுத்து வெளியே வைப்பார்கள் என்பது அக்காவுக்கு அத்துப்படி. மிச்சப் பாதி என்ன என்பதுதான் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் பார்க்கவும் பயமாக இருந்தது. ஊரான் வீட்டுப் பெட்டியைத் தட்டித் திறக்கிற கை, சொந்த வீட்டுப் பெட்டியைக் கண்டதும் முந்தானையைத் திருகியது.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் காலையில், கணவர் பட்டறைக்கும் மகள் எதிர்வீட்டுக்கும் போன நேரம் பார்த்து டார்ச்சோடு இறங்கினாள். பெட்டிக் கதவில் கண்ணாடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. கதவைத் திறந்தாள். டார்ச்சை அடித்தாள்.

மீட்டரின் ஓரத்தில், முத்திரைக் கம்பி போகிற இடத்தில், கட்டைவிரல் பருமனுக்கு மண் அப்பியிருந்தது. மண்ணுக்கு நடுவில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு.

கம்பி தெரியவில்லை. முத்திரையும் பாதிதான் தெரிந்தது. மெழுகைப் பூசி, அது பளபளக்காமல் இருக்க மேலே மண்ணைத் தடவியிருக்கிறார்கள். இப்படி ஒரு கைவண்ணத்தை அவள் எந்தத் திருடனிடமும் பார்த்ததில்லை. கட்டின புருஷன் இவ்வளவு கெட்டிக்காரரா என்று கோபத்துக்கு நடுவிலும் ஒரு ஓரத்தில் மதிப்புக்கூட வந்தது.

பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினாள். முதலில் மெதுவாக. பிறகு ஆத்திரத்தோடு. மண் கட்டியாகப் பெயர்ந்தது. அதோடு சேர்ந்து கம்பியும் பட்டென்று தெறித்தது. ஈய முத்திரை அவள் காலடியில் விழுந்தது.

பின்னாலேயே எட்டுக்கால் பூச்சிகள் விழுந்தன. உயிர் இருந்தும் ஓடத் தெரியாமல், கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் வயிற்றோரம் அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளைப் புழு ஒட்டியிருந்தது.

"அம்மா."

வாண்டு கேட்டருகில் நின்றாள். அவள் அழுதிருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அழவில்லை. மண்கட்டியை எடுத்து, உடைந்த பக்கத்தை மேலே பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"இதுக்குத்தான் நான் உங்கிட்ட சொல்லலை," என்றாள். "மீட்டர் பெட்டியில எதைப் பாத்தாலும் நீ உடைச்சிட்டுத்தான் பேசுவே."

"இது... கூடா?"

"குளவிக் கூடு. உள்ள பூச்சியைக் கொட்டி மயக்கிப் போட்டு, மேல முட்டை வச்சு மூடிடும். குஞ்சு தின்னு முடிக்கிறவரைக்கும் அது கெடாம கிடக்கும்."

"சிவப்பு எப்படி வந்துது?"

"நான் வச்சது. சாக்பீஸை இடிச்சு மண்ணுல குழைச்சு ஒரு தட்டுல வச்சேன். டீச்சர் சொன்னது நிஜமான்னு பார்க்க. கூட்டுல சிவப்பு வந்தா என் தட்டுல எடுத்ததுன்னு அர்த்தம். வந்துதே."

அக்கா திண்டாடிப் போனாள். குற்றத்தை இதைவிடத் தெளிவாக யாரும் அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் குற்றம் எது என்றுதான் பிடிபடவில்லை.

"அப்ப பில்லு ஏன் இறங்குச்சு?"

வாண்டு அவளை உள்ளே கூட்டிப்போய் விளக்கு, மின்விசிறி, குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். பிறகு மாடிக் குளியலறைக்கு ஏறிப்போய் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள். இருவரும் மீட்டருக்குத் திரும்பினார்கள். சக்கரம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"மாடியில வெந்நீர் ஹீட்டர். அது ஓடுதுன்னு காட்டுற சின்ன விளக்கு கெட்டுப்போச்சு. அணைஞ்சிருக்குன்னு நினைச்சிட்டு அப்பா மழிச்சதும் அப்படியே விட்டுடுறார். குளவியைப் பாக்க வந்தப்போ ஒரு தடவை வீட்டுல யாருமே இல்லை, ஆனா சக்கரம் ஓடுது. ஒவ்வொரு சுவிட்சா அணைச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சேன். அப்புறம் தினம் நானே அணைச்சிட்டுப் போறேன்."

காந்தம் மணலுக்குத்தான். மீட்டரில் வைத்துப் பார்த்தாளா என்று அக்கா கேட்டபோது, வைத்தால் என்ன ஆகும் என்று மகள் ஆர்வமாகத் திருப்பிக் கேட்டாள். அக்கா அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவர் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். தன்மேல் சந்தேகப்பட்டதற்காகக் கொஞ்சம் பிகு செய்துகொண்டார். சிரிப்பு முத்திரையைப் பார்த்ததும் நின்றது.

"உன் பையிலதான் புது முத்திரையும் இடுக்கியும் இருக்கே. ஒரு நசுக்கு நசுக்கினா ஆச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ யாருக்கும் சொல்ல மாட்டே."

"அப்படிச் சொல்றவங்களை நான் நம்பினதே கிடையாது."

ஆனாலும் இடுக்கியை எடுத்தாள். வேலை போனால் வீடு என்ன ஆகும் என்பது இடுக்கியைவிடக் கனத்தது. கையில் வைத்துக்கொண்டு மீட்டரின் முன்னால் நின்றாள். பழக்கதோஷத்தில் டார்ச்சையும் அடித்தாள். பெட்டிக் கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது. எத்தனையோ வாசலில் பார்த்த முகம்தான்: கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் அவசரம், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்கிற பாவனை. இந்த முகத்தை நம்பலாமா என்று யோசித்தாள். நம்பத் தோன்றவில்லை. இடுக்கியை உள்ளே போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

அவளோடு சோதனைக்குப் போகிற உதவியாளன் வந்தான். உயரத்தால் ஏணி என்று பெயர் வாங்கியவன்.

"எந்த வீடுக்கா?"

"இந்த வீடுதான் தம்பி."

"விளையாடாதீங்கக்கா."

"எழுது. முத்திரை அறுந்திருக்கு. அறுத்தது வீட்டுக்காரம்மா."

ஏணி எழுதினான். எழுதும்போது அவள் முகத்தில் டார்ச் அடிக்கவில்லை. அவள்தான் அடிக்கச் சொன்னாள்.

மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளின்படி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் பொறியாளர் விசாரணைக்குக் கூப்பிட்டார். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது என்று சோதனைக்கூடம் சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது அறுந்த கம்பி மட்டும்.

"எதுக்குத் தொட்டீங்க?" என்றார் பொறியாளர்.

அக்கா வரும் வழியெல்லாம் பதில்களை அடுக்கிப் பார்த்திருந்தாள். எல்லாமே யாரோ அவளிடம் ஏற்கனவே சொன்ன பொய்களாக இருந்தன. மிஞ்சியது ஒன்றுதான்.

"சும்மா என்னன்னு பார்க்கத்தான் சார்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஏணிக்குப் புரையேறியது. பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கையெழுத்துல வந்த வழக்கு எல்லாத்துலயும் இந்த வாக்கியம் இருக்கு. பொய்னு பக்கத்துல எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"சரி. பார்த்தீங்களே, என்ன பார்த்தீங்க?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். எட்டுக்கால் பூச்சிகள் சாகவில்லை, தொட்டால் கால் மட்டும் அசைகிறது. முதலில் கட்டின அறையில் கூட்டுப்புழு, அடுத்ததில் புழு, கடைசியில் கட்டினதில் முட்டை, கட்டின வரிசைப்படியே. சிவப்பு நடு அறையில் மட்டும்தான், ஏனென்றால் அதற்கு அப்புறம் மழை வந்து தட்டு கரைந்துவிட்டது. உடையாத அறையை மகள் கண்ணாடிச் சீசாவில் வைத்திருக்கிறாள், மூடியில் துணி கட்டி. நேற்று உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது. பொறியாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கவனிக்கவில்லை.

"போதும்மா," என்றார் கடைசியில். "திருடினவன் யாரும் இவ்வளவு விவரமா என் கழுத்தை அறுத்ததில்லை."

ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை தப்பியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சீசாவில் துணிக்குக் கீழே மெலிந்த இடுப்போடு ஒரு குளவி நடைபோட்டுக்கொண்டிருந்தது. வாண்டு துணியை அவிழ்த்தாள். அது நேராக மீட்டர் பெட்டிக்குத்தான் போகுமோ என்று அக்கா சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை.

மறுநாள் முதல் சோதனை ஒரு தையல்கடையில். கம்பி அறுந்திருந்தது, மேலே மெழுகு. நிஜ மெழுகுதானா என்று அக்கா நகத்தால் கிள்ளி, மோந்துகூடப் பார்த்தாள்.

"சும்மா என்னன்னு பார்க்கத்தான் மேடம் திறந்தேன்," என்றார் தையல்காரர்.

ஏணி மூச்சைப் பிடித்துக்கொண்டான். அக்கா டார்ச்சை அணைத்தாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"நானும் அப்படித்தான் திறந்தேன். என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

தையல்காரர் முழித்தார். "அதுல பாக்க என்னங்க இருக்கு?"

அக்கா டார்ச்சை மறுபடி எரியவிட்டாள். "எழுது தம்பி," என்றாள்.