ரூப்பாட் தீவுக்குப் போன சோப்பு

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடை திறந்துதான் இருந்தது. அலமாரியில்தான் துணி இல்லை. காலையில் போய்த் தூசு தட்டிவிட்டு மத்தியானமே வீடு திரும்பிவிடுவார்.

அதுவரை என் அடுப்பங்கரைக்கு எங்கெங்கிருந்து சாமான் வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அரிசி ரங்கூனிலிருந்தோ சயாமிலிருந்தோ வந்தது. சர்க்கரை ஜாவாவிலிருந்து, அடுப்புக்கரி எதிர்க்கரை சுமத்ராவிலிருந்து, பருப்பும் வேட்டியும் இந்தியாவிலிருந்து. எல்லாம் பாசாரில் கிடைத்ததால் எல்லாமே நம்மூரில் விளைவதுபோல வாங்கிக்கொண்டிருந்தேன். கப்பல்கள் நின்ற பிறகுதான் எங்களிடம் சொந்தமாக என்ன இருக்கிறது என்று தெரிந்தது. தென்னை மரம் இருந்தது. மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அவ்வளவுதான்.

ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கிழக்காசிய நாடுகள் எல்லாம் இனி ஒரே குடும்பம், சேர்ந்தே செழிக்கப் போகிறோம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நாங்கள் கேட்டபடியே கிழங்குக்கு வரிசையில் நிற்போம். சயாம் அரிசி வந்ததாகச் சொல்வார்கள். அது பட்டாளத்தின் பானைக்குப் போய்விடும்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள் தனியாக இருந்தார். நம் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகிப்போன பழைய குடி. நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க்காரர்போல சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். பேச்சு மலாய்தான்; நடுவே 'சாமி', 'பொங்கல்' என்று ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை வந்து விழும். நான் அவரை மக்சிக் என்பேன், தமிழில் அத்தை என்பதுபோல. அவர் என்னை 'அனாக்' என்று மகளாகக் கூப்பிடுவார்.

முதல் வருடம் நாங்கள் இருவரும் புக்கிட் பாருவில் ஒரு மேட்டு நிலத்தில் நெல் போட்டோம். இருவருக்கும் நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. குருவிகளுக்குத் தெரிந்திருந்தது. மிஞ்சியதை அறுத்துத் தூற்றினால் ஒரு சுளகின் அடிகூட மறையவில்லை.

மக்சிக் சுளகை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "தெரியாத வேலைய விடு, அனாக். நமக்குத் தேங்காய் தெரியும். அதுல எதாச்சும் செய்வோம்" என்றார்.

அப்படித்தான் சோப்பு காய்ச்ச ஆரம்பித்தோம். தேங்காய் எண்ணெயும் மட்டைச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரும் சேர்த்துக் காய்ச்சினால் நுரை வந்தது, ஆனால் கட்டியாகவில்லை. கூழ்போலவே இருந்தது. வாழையிலையில் ஏந்திக்கொண்டு போய்த்தான் குளிக்க வேண்டும்.

அந்த நாளில்தான் கரிக்காரர் எங்கள் சந்துக்கு வந்தார். மலாக்காவுக்கு நேரெதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் ரூப்பாட் தீவுக்காரர். படகில் அடுப்புக்கரி கொண்டுவர அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. கரிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த சகுப் பனை மாவுக்கு இல்லை. அதனால் மாவு எப்போதும் கொஞ்சம் கறுப்பாகவே வரும். எங்கள் கஞ்சியும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். முப்பது வயதிருக்கும் அவருக்கு. சிரித்தால் அந்தக் கரி முகத்தில் பல் மட்டும் தெரியும்.

எங்கள் கூழ்ச் சோப்பை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "அக்கா, உப்பு போடலையா? எங்க பக்கம் மீனுக்குப் போடுற கல்லுப்பு நெறைய இருக்கு. கொதிக்கிறப்போ அதைப் போட்டா மேல தெரண்டு வந்து கெட்டியாயிடும்" என்றார் மலாயில்.

"ஒனக்கெப்படித் தெரியும்?" என்று மக்சிக் சந்தேகமாகக் கேட்டார்.

"எங்கம்மா காச்சுவாங்க. இப்ப எங்ககிட்ட உப்பு இருக்கு, எண்ணெய் இல்ல."

அடுத்த முறை ஒரு மூட்டை உப்பு வந்தது. சோப்பு கட்டியாகி, கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்தபோது மக்சிக் ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். அவர்கள் உப்பு எங்கள் எண்ணெயில் கலந்து சோப்பாகி அவர்கள் தீவுக்கே திரும்பிப் போனது. அங்கே சோப்பு இல்லாமல் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்திருந்ததாம். பதிலுக்கு சகு மாவும் கருவாடும் வந்தன. சந்தில் ஒரு வீட்டில் தேங்காய் துருவினார்கள், ஒரு வீட்டில் மட்டை எரித்தார்கள், எங்கள் வீட்டில் காய்ச்சினோம். எல்லா வீட்டிலும் கஞ்சி கொதித்தது.

மக்சிக்கும் கரிக்காரரும் பேரம் பேசுவதைக் கேட்கவே அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள்.

"ஒன் கருவாடு பல்லிமாதிரி இருக்கு" என்பார் மக்சிக்.

"உங்க சோப்பு மட்டும் என்ன, போன தடவைய விடச் சின்னதா இல்ல?"

"சோப்பு சின்னதாகல. ஒன் ஆசை பெருசாயிடுச்சு."

கடைசியில் இருவரும் கொடுப்பதாகச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான் கொடுப்பார்கள்.

ஒருநாள் காலையில், என் கணவர் கடைக்குக் கிளம்புமுன், கரிக்காரர் வந்து கரி மூட்டையை இறக்காமலே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா படுத்துட்டாங்க. தேற மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா ஒண்ணுதான் கேக்குறாங்க. போகும்போது வெள்ளத் துணி சுத்தி அனுப்புன்னு. தீவுல துணியே இல்ல, அக்கா. போன மாசம் ஒருத்தர பாயில சுருட்டித்தான் பொதச்சோம். படகுல இருக்கிற மாவு, மீன் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. எனக்கு வெள்ளத் துணி மட்டும் வேணும்."

துணிக்கடைக்காரர் வீடென்று நம்பி வந்திருக்கிறார். கடையில் ஒரு கைக்குட்டைக்குக்கூடத் துணி கிடையாது. ஆனால் எங்கள் தகரப் பெட்டியில் என் கணவரின் கல்யாண வேட்டி இருந்தது. எட்டு முழம், ஒருநாள் மட்டுமே கட்டியது. அப்போது நான் நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்ததும் அதைக் கொடுத்துப் பால்மாவு வாங்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அதனால் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் குவளையை வாங்கிக் கழுவினேன்.

என் கணவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னங்க, பிள்ளைக்கு..."

"பிள்ளைக்கு இன்னும் நாளிருக்கும்மா. அந்தம்மாவுக்கு இல்ல."

"நம்ம கல்யாண வேட்டிங்க."

"கல்யாணம் முடிஞ்சு போச்சே. நீதான் இங்கயே இருக்கியே" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

மக்சிக் தன் கத்தரியைக் கொண்டுவந்து கரையை மட்டும் நறுக்கி எடுத்தார். வெள்ளை வெள்ளையாகவே போகட்டும் என்றார். கரிக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் துணியைத் தொட்டார். படகிலிருந்த மாவையெல்லாம் இறக்கப் போனவரை என் கணவர் தடுத்து, வழக்கமான அளவே போதும் என்றார்.

அதன் பிறகு கரிக்காரர் வரவில்லை. ஜலசந்தியில் ரோந்துப் படகுகள் அதிகமாகிவிட்டன; கரிப் படகுகளையும் விடுவதில்லை என்று ஆற்றங்கரையில் சொன்னார்கள். எங்களிடம் எண்ணெய் இருந்தது, உப்பு இல்லை. தீவில் உப்பு இருந்திருக்கும், எண்ணெய் இருந்திருக்காது. நடுவே ஒரு பகல் பயணத் தூரக் கடல். சந்து முழுக்க மறுபடியும் கிழங்குக்குத் திரும்பியது. எனக்குக் கால் வீங்கியது. பிள்ளை சின்னதாகப் பிறந்தான், ஆனால் நன்றாக அழுதான். பால்மாவு கிடைக்கவில்லை, மக்சிக் எங்கிருந்தோ ஓர் ஆட்டை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அது என்னை எப்போதும் முட்டும், அவரை ஒருநாளும் முட்டாது.

அந்தப் பிள்ளை பிற்காலத்தில் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். ஒரு பாகம் தாய்லாந்திலிருந்து வருகிறது, ஒன்று இந்தோனேசியாவிலிருந்து, இங்கே சேர்த்துப் பொருத்துகிறோம், பக்கத்து நாடுகள் ஒத்துப் போனால் எல்லோருக்கும் லாபம் என்று சாப்பிடும்போது எனக்கு விளக்குவான். முதல்முறை கேட்பதுபோலவே கேட்டுக்கொள்வேன். வாசலைத் திறந்து வைத்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும் என்பதை அவன் வயிற்றில் இருந்தபோதே நான் கற்றுவிட்டேன் என்று சொன்னால் அவனுக்குச் சப்பென்று போய்விடும்.

ஜப்பான்காரன் போன பிறகு ஒரு காலைப்பொழுதில் கரிக்காரர் வந்தார். இளைத்திருந்தார். பின்னால் ஒரு வயதான அம்மாள் தடி ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். தலையிலிருந்து முழங்கால்வரை வெள்ளைத் தொழுகை உடுப்பு.

"எங்கம்மா" என்றார் கரிக்காரர், கொஞ்சம் கூச்சத்துடன்.

மக்சிக் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். அந்த அம்மாளே சொன்னார்: "துணி வந்ததும் மனசுக்கு நிம்மதியாப் போச்சு. நிம்மதியா ரெண்டு நாள் தூங்கினேன். எந்திரிச்சப்போ பசிச்சுது. அப்புறம் நல்ல துணிய ஏன் சும்மா வைக்கணும்னு தச்சுக்கிட்டேன்." பிறகு என் கணவரைப் பார்த்து, "திருப்பி வேணும்னா இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கணும்" என்றார்.

என் கணவர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

இரண்டு அம்மாள்களும் அன்று முழுக்கச் சோப்பைப் பற்றியே பேசினார்கள். யார் முறை சரி என்று முடிவாகவில்லை. அதனால் படகு திரும்பும்போது மக்சிக்கும் ஏறிக்கொண்டார். கடலோர ஊரில் பிறந்தும் அதுவரை படகில் கால் வைக்காதவர். ஒரு வாரத்துக்குப் பின் உடம்பெல்லாம் கொசுக்கடியோடும் கூடையில் இரண்டு கோழிகளோடும் வந்து இறங்கினார். "அங்க காத்து நல்லாருக்கு, தண்ணி உப்பு" என்று சந்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அடுத்த படகு எப்போது என்று கரிக்காரரிடம் கேட்டார்.