நாக்கில் ஒட்டிய குழாய்

உச்சிப்புளி தாண்டியதும் கார் இழுக்க மறுத்தது. ராமேஸ்வரத்தில் மதியத்துக்குள் மாமனாருக்குத் திதி கொடுக்க வேண்டும். "நேத்தே வண்டியப் பாக்கச் சொன்னேன்" என்றாள் மனைவி.

சாலையோர மெக்கானிக் ஒல்லியானவர். மீசையில் கிரீஸ், காதிடுக்கில் டெஸ்டர். வாய் மட்டும் ஓயவே ஓயாது. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள கதவை இழுக்கும் வேக்கம் டப்பாவைக் காட்டி, அதில் ஒரு துண்டுக் குழாயைச் செருகினார்.

"இத உறிஞ்சி நாக்குல ஒட்ட வச்சா அப்படியே நிக்கணும் சார். விழுந்துச்சுன்னா உள்ள காத்து கசியுதுன்னு அர்த்தம், டப்பா அவுட்டு."

உறிஞ்சினார். ஒட்டியது. "ஆமா, உங்களுக்கு எந்த ஊரு?" என்றார். குழாய் விழுந்தது.

"பாத்தீகளா, அவுட்டு! புதுசு மதுரையிலருந்து வரணும். நாளைக்கு ஆகும்."

"அண்ணே, நீங்க பேசுனதாலதான் விழுந்துச்சு" என்றாள் மனைவி.

மெக்கானிக் குழாயைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "சாரு பேசாத ஆளாத் தெரியுது."

உறிஞ்சி நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கும் என் மனைவிக்கும் அபிராமம்தான் சொந்த ஊர் என்று தெரியவந்தது. ஊர்க்கதை நீண்டது. என் சட்டையில் எச்சில் வடிந்த பிறகுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குழாய் விழவில்லை.

"டப்பா நல்லாத்தேன் இருக்கு" என்றார் ஆச்சரியமாக. இன்ஜினிலிருந்து டப்பாவுக்கு வரும் குழாயின் நுனிதான் வெடித்திருந்தது. வெட்டிச் செருகினார். திதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

எனக்கு முன் அவரிடம் வந்தவர்கள் எத்தனை நல்ல டப்பாக்களைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.