முத்த வைரஸும் மூன்றாம் மாடி மாமாவும்

எங்கள் ஆய்வகம் ஒரு பழைய சந்தேகத்தைத் துரத்திக்கொண்டிருந்தது. நரம்புகளின் உறை அரிக்கப்பட்டு, கை கால் மெல்ல முடங்கிப்போகும் நாள்பட்ட நோய் ஒன்று. எச்சில் வழியாகத் தொற்றி, ஆயுள் முழுக்க உடம்பிலேயே ஒளிந்துகொள்ளும் ஒரு வைரஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும். நோயாளிகளின் ரத்தம் கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். வெளியே அலைவானேன் என்று, வங்காளிகள் நிறைந்த எங்கள் குடியிருப்பிலேயே கேட்டேன்.

முதலில் கை நீட்டியவர் மூன்றாம் மாடி மாமா. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டைப் பிரம்மச்சாரி. அடுத்தவர் எதிர்வீட்டு வங்காளி அம்மாள்; அவர்கள் மொழியில் அண்ணி என்ற பொருளில் எல்லோருக்கும் அவர் பௌதி. காதல் கல்யாணம் செய்துகொண்டவர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கணவரின் கையைக் கோத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்.

இருவரும் முடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாமாவின் ரத்தத்தில் வைரஸின் தடம் இருந்தது. அதில் வியப்பில்லை, பெரியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். ஆனால் மாமா போனில் தேடி, இதனால் வரும் காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் 'முத்த நோய்' என்றொரு பெயர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று மாலையே கீழே நடந்த அரட்டையில் அதை வங்காள மொழியில் அறிவித்தும்விட்டார். யார் அந்தப் பெண் என்று எல்லோரும் துளைத்தெடுத்தார்களாம். மாமா புன்னகையோடு டீயை ஊதிக் குடித்தாராம்.

நான் பதறி மாடிக்கு ஓடினேன். சின்ன வயதில் ஒரே டம்ளரில் எச்சில் பண்ணிக் குடித்திருந்தாலே இது வந்துவிடும் என்று விளக்கினேன்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை, மாமா."

"சொல்லாதே. இத்தனை வருஷமா லிஃப்ட் நின்னுபோனாத்தான் எல்லாரும் என் கதவைத் தட்டுவா. இப்பதான் உக்கார வெச்சுக் கதை கேக்கறா."

பௌதியின் ரத்தத்திலோ அந்த வைரஸின் சுவடே இல்லை. எங்களுக்கு அது புதையல். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பதே அபூர்வம். நான் பூரித்துப்போய் வாழ்த்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மாமாவுக்கே இருக்கிறது, எனக்கு இல்லையா என்று கேட்டுவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் பௌதி. பார்த்தோம். அப்போதும் இல்லை. பிறகு ஒரு காலையில் கணவரை ஆய்வகத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தார். மனிதர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

அவருக்கும் இல்லை.

முடிவு தெரிந்த பிறகு பௌதி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கணவர் தனக்குக் கொடுக்கவில்லை என்ற குறை போய், வேறு எங்கிருந்தும் வாங்கி வரவும் இல்லை என்ற திருப்தி வந்துவிட்டது அவருக்கு.