சமையலறைப் பேரம்

நானும் என் அண்ணனும் நாலு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நாலாவது வருஷத்தில் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாடினோம். அப்போதும் பேசவில்லை. அந்த விளையாட்டோ, வாயைத் திறந்தால்தான் ஆட முடியும் என்கிற வகை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. கடலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அன்றைக்கு ஆடிட். கொள்முதல் பிரிவின் கோப்புகள் எல்லாம் என் பொறுப்பு. அடுத்து வந்த கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது, பெண்ணின் சொந்தச் சித்தப்பா பெயர் இல்லை. அதைக்கூட அண்ணன் வந்து கொடுக்கவில்லை, அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வெளியாட்கள் கேட்டால் இதற்கா என்பார்கள். எங்கள் பக்கத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஆயுசு பூராவும் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு அக்காவுடையது. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவள், பள்ளிக்கூட டீச்சர். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போன அவர்கள் மகன் ஒரு விளையாட்டுப் பெட்டியை அலமாரியில் விட்டுப் போயிருந்தான். "சாப்பிட வாடா. அப்பறம் ஒரு கேம் இருக்கு, நாலு பேர் வேணும்" என்று போனில் சொன்னாள். நாலாவது ஆள் யார் என்று சொல்லவில்லை.

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால், வாசலில் அண்ணனுடைய வண்டி நின்றது. திரும்பிப் போயிருப்பேன். உள்ளே கிள்ளைக் கடற்கரை இறால் வறுபடும் வாசனை வந்தது. இறாலுக்காகத்தான் உள்ளே போனேன் என்று நாலு வருஷ மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன். அண்ணனும் அதே கணக்கில்தான் எழுந்து போகாமல் இருந்திருப்பார்.

விளையாட்டை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு தீவு வரைந்த அட்டை. பகடை உருட்டினால் அவரவர் நிலத்தில் விளைவதற்கு ஏற்ப நெல், மரம், செங்கல், உப்பு என்று சீட்டு கிடைக்கும். அதைக் கொடுத்து ஊர் கட்ட வேண்டும். ஐந்து ஊர் முதலில் கட்டியவர் ஜெயித்தவர். யாருடைய நிலத்திலும் நாலும் விளையாது, அதனால் அடுத்தவரிடம் பேரம் பேசியே தீர வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ரகசியமாகப் பேசவும் மூன்று நிமிஷம் உண்டு. அந்த வீட்டில் ரகசியத்துக்கு இருந்த ஒரே இடம் சமையலறை. அக்கா போனில் அலாரம் வைப்பாள்.

முதல் நாள் உப்பு என் நிலத்தில் மட்டும் விளைந்தது. அது நாலு பேருக்கும் தெரியும். அண்ணன் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, உப்பு யாருகிட்டயாச்சும் இருக்குதான்னு கேளுங்க" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "சின்ன மச்சான், உப்பு இருக்குதா?"

"என்ன தருவாங்களாம்?" என்று நான் மாமாவைக் கேட்டேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா எழுந்து அண்ணனைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். வந்தார். என்னை அழைத்துப் போனார். "ஒரு உப்புக்கு ஒரு நெல்லு தர்றாராம். அதுக்கு மேல பிடி குடுக்க மாட்டேங்குறாரு" என்றார். சரி என்றேன். என் உப்பை மாமா கையில் கொடுத்தேன், அண்ணன் நெல்லை மாமா கையிலிருந்து வாங்கினேன். நாங்கள் நேரடியாகச் சீட்டுகூடக் கைமாற்றிக்கொள்ளவில்லை.

இப்படியே எட்டு ஞாயிறு. ஆறு தடவை மாமா ஜெயித்தார், இரண்டு தடவை அக்கா. நான் மாசம் பூராவும் சப்ளையர்களின் விலையை அடித்து இறக்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அண்ணன் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிறார், அவரிடம் ஒரு மூட்டை நெல்லுக்கு நாலு ரூபாய் ஏற்றி வாங்க யாராலும் முடியாது. எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஃபைல் தள்ளுகிற மனிதர் எட்டு வாரமாக மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தோற்கப் பிடிக்காது. கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் ஆட்டத்தை யோசிப்பேன். முதல் தப்பு தெரிந்தது: என்ன வேண்டும் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நிமிஷத்தில் அதன் விலை ஏறிவிடுகிறது. ஆபீஸில் ஒரு நாளும் செய்யாத காரியம். அதற்குப் பதில், எதிராளி கையில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்து, அதை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தால் அவர் நன்றியோடு தருகிறார். இரண்டாவது, கூட்டணிக்குக் கெடு சொல்ல வேண்டும். "கடைசி வரைக்கும் ஒண்ணா இருப்போம்" என்று அக்காவிடம் சொன்ன போதெல்லாம் இரண்டு பேரும் பாதியில் காலை வாரினோம். "அடுத்த ஊர் கட்டுற வரைக்கும்" என்று சொன்னபோது இரண்டு பேரும் ஒழுங்காக நடந்துகொண்டோம். முந்துகிறவரை விட்டுவிட்டுக் கடைசியில் இருப்பவரோடு மல்லுக்கு நிற்பது மூன்றாவது தப்பு. நான் நிற்பதெல்லாம் அண்ணனோடு. அவரும் என்னோடுதான். மாமாவை யாரும் தடுக்கவில்லை.

இவ்வளவு யோசித்தும் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை. ஒன்பதாவது ஞாயிறுதான் பார்த்தேன். அன்று மாமாவின் நிலத்தில் நெல்லே விளையாது, மரமும் செங்கலும்தான். ஆனால் அவர் கையில் நெல் இருந்தது. யாரும் அவரிடம் நெல் விற்கவில்லை, எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய் வந்ததோடு சரி. பில்லில் ஐம்பது பைசா இடறினால் கண்டுபிடிக்கிறவன் நான்.

அடுத்து என் முறை. மாமா வழக்கம்போல எழுந்து நின்றார். நான் எழவில்லை. அண்ணனைக் கூப்பிடாமல், அட்டையைப் பார்த்து, "ஒரு உப்பு. ஒரு நெல்லு குடுத்தா போதும்" என்றேன்.

அண்ணன் தன் சீட்டுகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு நாலு வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார். "ரெண்டு நெல்லு கேக்குறன்னு இல்ல சொன்னாரு இவுரு?"

"ஒண்ணுதான் வந்துச்சு எனக்கு."

மாமாவுக்கு வெட்கமே இல்லை. சிரித்தபடி உட்கார்ந்தார். "கேம்தானே மச்சான். நடுவுல அலையறவனுக்கு ஒண்ணு வேணாமா?" அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அன்றைக்கு நானும் அண்ணனும் சேர்ந்து மாமாவை மூன்றாவது ஊரைத் தாண்டவிடாமல் கட்டிப்போட்டோம். ஜெயித்தது அண்ணன். அவர் ஜெயித்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் பேசினோம். நெல், உப்பு, செங்கல். ஆட்டம் முடிந்து அட்டையை மடித்ததும் பேச்சும் மடிந்துவிடும். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், நான் ஆட்டோவுக்கு நிற்பேன். அண்ணன் கண்ணாடி மாற்றியிருந்தார், கண்ணில் ஏதோ ஆபரேஷன் என்று அக்கா சொல்லித் தெரியும். அவர் கையில் எத்தனை செங்கல் இருக்கும் என்று சரியாகச் சொல்வேன், கண் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது.

பன்னிரண்டாவது ஞாயிறு. அக்கா நாலு ஊர் கட்டிவிட்டாள். அவளை நிறுத்த நாங்கள் ரகசியமாகப் பேச வேண்டியிருந்தது. அண்ணன் எழுந்து சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினார். நானும் போனேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், அடுப்பில் பாலேடு படிந்த டீ. இரண்டு பேரும் தனியாக நின்றது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

செங்கல் விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல், "மாமா நம்மள நல்லா ஏமாத்தினாரு" என்றேன்.

"கேம்ல அப்படித்தான். மத்தபடி நல்ல மனுஷன். நீ சொல்லி அனுப்புனது எல்லாத்தயும் வந்து சொன்னாரு."

"நான் என்னா சொல்லி அனுப்புனேன்?"

"கல்யாணத்துக்கு வராதது தப்புன்னு. ராத்திரில தூக்கம் வரலன்னு. மன்னிச்சிக்கச் சொன்னன்னு."

நான் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் அதே சமயத்தில், அந்தக் கல்யாணம் முடிந்த மாசத்தில், மாமா கடலூர் வந்து என் வீட்டில் காபி குடித்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. "அண்ணன் ரொம்ப வருத்தப்படுறாரு. பத்திரிகையில பேரு விட்டது தப்புன்னு சொல்லிச் சொல்லி மாயுறாரு." அதைக் கேட்டு நான் மனசு இளகிக் காத்திருந்தேன். இவ்வளவு வருத்தப்படுகிறவர் ஒரு எட்டு வந்தால் என்ன என்று காத்திருந்தேன். வராததால் முன்னைவிட ஜாஸ்தியாகக் கோபப்பட்டேன்.

அதை அண்ணனிடம் சொன்னேன்.

"நான் சொல்லவே இல்லியே" என்றார்.

"நானுந்தான் சொல்லல."

அவர் சிங்க் மேடையைப் பிடித்துக்கொண்டார். அவரும் காத்திருந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய தம்பி நாலு தீபாவளிக்கும் வாசலுக்கு வரவில்லை. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நல்ல வார்த்தையாகவே கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டத்திலாவது ஒரு நெல்லை எடுத்துக்கொண்டார், இதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளியே அலாரம் அடித்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

"அப்ப உனக்கு வருத்தமே இல்லியா?" என்றார் அண்ணன்.

"கோவந்தான் இருந்துச்சு. பத்திரிகையில என் பேரு இல்ல. சொந்தச் சித்தப்பாண்ணே நான். வெளியாளுக்குக் குடுக்குற மாதிரி ஆள் மூலமா குடுத்து அனுப்புனீங்க."

"நிச்சயத்துக்கு வரல நீ. சம்பந்தி வீட்டு முன்னாடி, என் தம்பி இதோ வந்துடுவான் இதோ வந்துடுவான்னு சொல்லிட்டே இருந்தேன். அந்தக் கடுப்புல பேர எடுத்தேன். எனக்கும் வருத்தம்லாம் இல்ல. இப்பவும் கோவந்தான்."

சொன்னால் நம்புவது கஷ்டம், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு வருஷத்தில், ஆட்டத்துக்கு வெளியே, அவரிடமிருந்து எனக்கு நேராக வந்த முதல் விஷயம் அது. கோபத்துக்குக் கோபம், சரிக்குச் சரி. இத்தோடு இரண்டு பேரும் பழையபடி பேசலாம் என்றுகூட எனக்குள் ஒரு பேரம் ஓடியது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணன் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பேர எடுத்தாலும் நீ வந்துடுவேன்னுதான் நெனச்சேன். மணவறைல உக்காந்து பாப்பா ரெண்டு தடவ கேட்டுச்சு, சித்தப்பா வந்துட்டாரான்னு. வண்டி நிறுத்திட்டு வந்துட்டு இருக்காருன்னு சொன்னேன். தாலி கட்டுற வரைக்கும் வாசல பாத்துக்கிட்டே இருந்துச்சு."

இதை மாமா எனக்குச் சொல்லவில்லை. அவரும் அந்த மண்டபத்தில்தான் இருந்திருப்பார், பார்த்திருப்பார். இப்படிப்பட்டதை எல்லாம் அவர் யாருக்கும் கொண்டுபோக மாட்டார்.

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினேன்.

"நான் வந்திருக்கணும்ணே" என்றேன்.

"ஆமா" என்றார் அண்ணன். "வந்திருக்கணும்."