விரலை எடுத்தால் இலவசம்

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பது செபாஸ்டினின் இளவட்டக் காலத்துப் பழக்கம். சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போன பிறகும் விடவில்லை. செருப்புப் போட்டால் நேர்ச்சை செல்லாதாம். சிதம்பரத்தை நெருங்கும்போது கட்டைவிரலில் கொப்புளம் உடைந்து, மண் ஏறி, வீங்கிவிட்டது. அவனுக்கு வலிக்கவே இல்லை. கூட நடந்தவர்கள்தான் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மனைவி இன்னாசிமேரி பஸ் பிடித்து வந்தாள். கன்னியாஸ்திரிகளிடம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். கடலூரில் ராமாமிர்தம் என்ற பெரியவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். "ரத்த ஓட்டம் நல்லாருக்கும்மா. கால கீழ வைக்காம, தினம் டிரெஸ்ஸிங் பண்ணா விரல் பொழைக்கும். ஒரு மாசம் ஆவும்."

காப்பீட்டு மேசையில் இருந்த கார்த்திகேசன் அவள் நீட்டிய அரசுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டிரெஸ்ஸிங்குக்கு இதுல வராதும்மா. விரல எடுக்குறதுன்னா சொல்லுங்க, இன்னைக்கே அட்மிஷன். எல்லாம் ஃப்ரீ."

"வெட்டுனா குடுப்பீங்க, காப்பாத்துனா குடுக்க மாட்டீங்களா?"

"நானா ரூல் போட்டேன்?"

செபாஸ்டின் கட்டிலில் படுத்தபடி பெருந்தன்மை காட்டினான். "ஒரு வெரலுதான மேரி, போனா போவுது. ஃப்ரீங்கறாங்கல்ல."

"ஃப்ரீன்னா தலையயும் நீட்டுவீங்களா? இன்னைக்கு வெரலு, அடுத்த வருசம் பாதம். அதுக்கும் இவுங்க அட்டையில எடம் வச்சிருப்பாங்க. கெளம்புங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்திக்கும் மயக்க ஊசிக்கும் கட்டிலுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற நாட்டில், ஒரு சுருள் துணிக்கும் அதைச் சுற்றுகிற கைக்கும் கொடுக்க ஆளில்லை. அப்புறம் மருத்துவச் செலவு ஏறுகிறதென்று டி.வி.யில் உட்கார்ந்து கவலைப்படுகிறார்கள்.

கார் வைத்துக் கூட்டிப் போகும் வழியிலேயே ராமாமிர்தத்தின் மகள் சிந்துஜாவுக்குப் போன் போட்டாள்.

"ஒரு மாசமா? அப்பாவ யாரு பாப்பாங்க ஆன்ட்டி? நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்கம்மா," என்று வைத்துவிட்டாள். சம்பளமும் போயிற்று. இந்தச் செலவை எந்த அரசாங்கமும் எழுதப் போவதில்லை.

வீட்டில் தினமும் அவளே புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். மூன்றாம் வாரம் புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை எழும்பியது. அதைப் பார்த்த தைரியத்தில் செபாஸ்டின் மெதுவாகக் காலைத் தரையில் ஊன்றப் பார்த்தான்.

"எறக்குனீங்கன்னா நானே வெட்டிடுவேன்," என்றாள் இன்னாசிமேரி. "அதுவும் ஃப்ரீதான்."

காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டான்.