கொள்ளிடத்தில் குதித்த மாப்பிள்ளை

என் கணவர் விடிவதற்குள் எழுந்து கர்லாக்கட்டை சுற்றுவார். பிறகு தண்டால், பஸ்கி. பிறகு ஊறவைத்த கொண்டைக்கடலை, பச்சை முட்டை. அதற்கப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சிமெண்ட் ஆலை ஆபீஸுக்குப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று கல்யாணமான புதிதில் யோசித்திருக்கிறேன். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்கு அது தலை ஆடி. வழக்கப்படி என்னைத் திருமானூருக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பதினெட்டாம் பெருக்கு விருந்துக்கு மாப்பிள்ளை வந்தார். கல்யாண மாலைகளை ஆற்றில் விட வேண்டும், நான் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். கரைக்குக் கரை கலங்கல்.

மாலைகளை விட்டோம். அவை போன வேகத்தை எல்லோரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். பார்த்து என்ன பயன்?

என் அண்ணன் சும்மா இருக்கமாட்டாமல், "மாப்ள, தெனம் கட்டை சுத்துறீங்களே, அக்கரைக்கு நீந்திருவீங்களா?" என்றான். சிரித்துவிட்டு இலை போடப் போக வேண்டிய பேச்சு அது. இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"எங்க பாடாலூர்ப் பக்கம் நான் நீந்தாத கெணறே கெடையாது," என்றார். குதித்துவிட்டார்.

கோளாறே அந்தக் கிணறுதான். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். எதிர்ச்சுவரைப் பார்த்து நீந்தினால் எதிர்ச்சுவர் வரும். ஆற்றங்கரைக்காரர்கள் நாங்கள் தண்ணீரோடு சாய்ந்து போய், கீழே எங்கேயாவது கரையேறுவோம். இவர் அக்கரையில் தெரிந்த ஒரு தென்னையைக் குறிவைத்து நேராக அடித்தார். பாதி ஆறு வரைக்கும் உடம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. அப்புறம் தென்னை இருந்த இடத்திலேயே இருந்தது, இவர் கிழக்கே போய்க்கொண்டிருந்தார். தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"மாப்ள, மாப்ள" என்று கத்திக்கொண்டே அண்ணன் கரையோடு ஓடினான்.

அம்மா மஞ்சள் கயிறும் கையுமாக நின்றாள். மற்றப் பெண்கள் எல்லோரும் மாற்றிக்கொண்டு முடித்திருந்தார்கள். "நல்ல நேரம் போவுது, கட்டிவுடு" என்று ஒருத்தி சொன்னாள். அம்மா கட்டவில்லை. கட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். வராவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பதைவிட, வந்தால் என்ன செய்வது என்று நினைப்பது சுலபமாக இருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியது. படித்துறை காலியாகிவிட்டது. அப்போது பாலத்தின் வழியாக அவர் நடந்து வந்தார். இடுப்பில் யாரோ கொடுத்த துண்டு, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பின்னால் அண்ணன், அழுது வீங்கிய முகத்தோடு.

"அக்கரையத் தொட்டுட்டேன்," என்றார். அம்மாவின் கையைப் பார்த்தார். "என்ன அத்த, இன்னும் கட்டலையா?"

எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அம்மா கதவோரம் நின்று என் வழியாகத்தான் பேசுவாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க இருக்கீங்களா இல்லியான்னு தெரியாம எப்டிங்க மாப்ள கட்டுறது?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆற்றில் வராத பயம் அங்கேதான் வந்தது போலிருக்கிறது. அம்மா என் கழுத்தில் கயிற்றை வைத்தாள். இரண்டு தடவை போட்டும் முடிச்சு நழுவியது. அவர் எழுந்து வந்து கயிற்றை வாங்கிக் கட்டப் பார்த்தார். அவருக்கும் நழுவியது.

கடைசியில் முடிச்சை நானே போட்டுக்கொண்டேன்.