ரெண்டும் ஒண்ணா பறக்கணும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த தெர்மாகோல் கட்டைகளை என் மனைவி ஒவ்வொன்றாக உருவினாள். அந்தக் கீச் சத்தம் கேட்டால் பலருக்குப் பல் கூசும். எனக்கோ மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு கட்டையை வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்ல கெட்டியான சரக்கு" என்றேன். "ஃப்ரிட்ஜ பாருங்கன்னா, இத்த பாத்துக்கினு நிக்கிறீங்களே" என்றாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை, பெண் பெயர்களைத் தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா தூவி ஒட்டியிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? திண்டிவனத்தில் ஒரு டெக்கரேஷன் கடையில் அந்த எழுத்துகளை வெட்டுவதுதான் என் முதல் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி பட்டால் தெர்மாகோல் வெண்ணெயாக வெட்டுப்படும். அந்தப் புகை நாற்றமும் பக்கத்து மில்லிலிருந்து வரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கு வாசனையும் சேர்ந்து பசியையும் கிளப்பும், தலைவலியையும் கிளப்பும். 'ஞ' எழுத்தைப் பிசிறில்லாமல் வெட்டுகிறவன் என்று எனக்குக் கடையில் ஒரு பேர் இருந்தது. இப்போது அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரு டீகூடக் குடிக்க முடியாது.

வெட்டுக் கம்பி அறுந்து போனால் அடுத்த கடைக்கு ஓடுவேன். அது ரேடியோ, டேப் ரிப்பேர் கடை. அங்கே வேலை செய்த சலீம், கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து சுருள் கம்பியை உருவி, வில்லில் நாண் மாதிரி கட்டி, எனக்கு வெட்டும் வில் செய்து தந்தவன் அவன்தான். அவனுடைய அண்ணன் காதர் துபாயில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட பத்திரிகைகளைத் தம்பிக்கென்று பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார். அதில் ஒன்றில்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம். மலை விளிம்பில் ஒருவன் கையில் ரேடியோப் பெட்டியோடு நிற்கிறான். தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு பிளேன்.

"இஞ்சினே கெடையாதாம்டா. காத்துலயே நிக்குமாம்" என்றான் சலீம்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஓடிவரும் காற்று மலையில் முட்டினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அந்த ஏறுகிற காற்றின் மேல் பிளேனை உட்கார வைத்தால் அது இறங்காது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் ஒரு மொட்டைக் குன்று உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் கடல்காற்று அங்கே வந்து முட்டும். தெர்மாகோல் எங்களிடம் இருந்தது, மலை இருந்தது, காற்று இருந்தது. ரேடியோ செட் மட்டும் இல்லை.

அடுத்த லீவில் காதர் அண்ணன் செட் வாங்கி வந்தார். ஒன்றல்ல, இரண்டு. பெட்டியின் நிறம், ஆன்டெனா, குச்சிகள், எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி.

"கடைக்காரன் வேற வேற குடுத்தாண்டா. நான் வுடுவனா? எங்க வூட்ல ரெண்டு தம்பி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா அடிச்சிக்குவானுங்கன்னு சண்ட போட்டு மாத்திக்கினு வந்தேன்" என்றார்.

நான் அந்த வீட்டுத் தம்பி இல்லை. பக்கத்துக் கடையில் எழுத்து வெட்டுகிறவன், அவ்வளவுதான். அந்த 'ரெண்டு தம்பி'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிகினா விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் திரும்பிப் போன பிறகுதான் பிளேன்களைச் செய்து முடித்தோம். கல்யாண மிச்சத் தெர்மாகோலில் ரெக்கை, பந்தல் மூங்கிலைச் சீவி நடுத்தண்டு, மேலே பார்சல் டேப், வயிற்றுக்குள் செட்டோடு வந்த ரேடியோச் சாமான்கள். மூக்குக்குக் கனம் வேண்டும் என்று வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை மரக்காணம் கடலோரத்தில் கேட்டு வாங்கி வந்தோம். குன்றின் மேல் சலீம் தன் செட்டை ஆன் செய்தான். அவனுடைய பிளேன் வாலை ஆட்டியது. கூடவே என்னுடையதும் ஆட்டியது.

இரண்டு செட்டும் ஒரே அலைவரிசை நம்பர். அந்தக் காலத்து ரேடியோவுக்கு நம்பர்தான் எல்லாம். ஒரே நம்பரில் இரண்டு செட்டை ஒன்றாக ஆன் செய்தால் இரண்டு பிளேனும் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தலைகுப்புற விழும். கடைக்காரன் வேறு வேறாகக் கொடுத்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நம்பர் மாற்ற ஒரு சின்னச் சாமான் போதும், ஆனால் துபாயிலிருந்துதான் வர வேண்டும். சண்டை போட்டு மாற்றி வந்த மனுஷனிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே சலீம் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு நீலத் துணிக் கிளிப்பை எடுத்து வந்தோம். அது யார் சட்டையில் இருக்கிறதோ அவன்தான் செட்டை ஆன் செய்யலாம். அவன் இறக்கிய பிறகு கிளிப் கை மாறும்.

கிளிப் இல்லாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குத்தான் வேலை அதிகம். "பருந்து அங்க சுத்துது பாரு, அங்க தள்ளு", "வாலு எறங்குது, வாலு எறங்குது", "செம்மடா, அப்பிடியே வெச்சிரு" என்று கத்திக்கொண்டே இருப்பான். என் பிளேனின் ஒவ்வொரு அசைவும் சலீமுக்கு மனப்பாடம். அவனுடையது எனக்கு.

அண்ணன் மறுபடி லீவில் வந்தபோது வீட்டில் தங்கை கல்யாண வேலை. மலைப்பக்கம் வரவே முடியவில்லை. துபாய் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் நேரம் கிடைத்தது. "நாளைக்கு வர்றேன்டா. ரெண்டும் ஒண்ணா பறக்கணும். அத்த பாத்துட்டுத்தான் ஃப்ளைட்டு ஏறுவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் ஆசைப்பட்டதையும் காட்ட வேண்டும், வாங்கித் தந்தது தப்பு என்று அவருக்குத் தெரியவும் கூடாது. சலீம்தான் வழி சொன்னான்.

"ஒண்ணுல ரேடியோவே வேணாம். நேரா போறா மாதிரி செட் பண்ணி சும்மா வுடு. நான் என்னுத்த அது பக்கத்துலயே வெச்சி ஓட்டறேன்."

"அப்ப என்னுது?"

"போயிடும்" என்றான்.

என்னைவிட அவன் நன்றாக ஓட்டுவான். ஆகவே போக வேண்டியது என்னுடையதுதான். உள்ளே இருந்த ரேடியோச் சாமான்களை எடுத்து ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சலீம் பையில் வைத்தோம். அந்தக் கனத்துக்கு ஈயக்குண்டுகளைப் போட்டு ஒட்டினேன்.

அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், குன்றே மணக்கும் அளவுக்கு சென்ட் போட்டுக்கொண்டு வந்தார். காற்று அன்று அருமையாக இருந்தது. சலீம் பிளேன் முதலில் போய் நின்றது. நான் என்னுடையதை வீசிவிட்டு, செத்த செட்டின் ஆன்டெனாவை முழுக்க நீட்டி, ஆன் செய்யாததால் அசையாமல் கிடந்த பேட்டரி மீட்டர் ஊசியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, குச்சிகளை ஆட்டினேன். அப்படி ஒரு நடிப்பை நான் அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நடித்ததில்லை. என் பிளேன் பாட்டுக்குக் காற்றை எதிர்த்து நேராக ஊர்ந்தது. சலீம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

"இன்னாடா இது, ஜோடிப் புறா மாதிரி போவுது!" என்றார் அண்ணன். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. பிறகு கையை நீட்டினார். "குடுடா, நானும் கொஞ்சம் பாக்கறேன்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? வாங்கி, இடது பக்கம் தள்ளினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து ஒரு ரெக்கையைத் தூக்க, பிளேன் இடது பக்கமே சாய்ந்து திரும்பியது. சலீமும் தன்னுடையதைக் கூடவே திருப்பினான்.

"கேக்குதுடா! நான் சொல்றத கேக்குதுடா!"

அவர் சொன்னதைக் கேட்டது. ஆனால் நிற்கவில்லை. முழுக்கத் திரும்பி, காற்றோடு சேர்ந்துகொண்டு, எங்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்து, மேற்கே பனைமரங்களைத் தாண்டிப் போனது. "ரைட்ல தள்றேன், வர மாட்டுதே, வர மாட்டுதே" என்று அண்ணன் குச்சியை ஒடிக்கிற அளவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்வரை வேலிகாத்தான் முள்ளுக்குள் தேடினோம். அந்த வெள்ளைச் சட்டை கிழிந்தது. "என் கைல குடுத்துக் கெட்டுதே. சாமான்லாம் உள்ளயே போச்சே. இவனுது இருக்குது, ஒன்னுது இல்ல" என்று அவர் புலம்பினார். சாமான்கள் எல்லாம் சலீம் தோளில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சலீம் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"காத்து அண்ணே. யார் ஓட்டினாலும் போயிருக்கும்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சில மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கென்று ஒரு புது செட் கொடுத்தனுப்பினார். போனில் கூப்பிட்டு, "தம்பி, அதே மாதிரி கெடைக்கல, கோச்சிக்காத. அந்த மாடல் இப்ப வர்றதில்லயாம்" என்றார். சலீம் பெட்டியைத் திறந்து பார்த்தான். வேறு நம்பர்.

இப்போது வருகிற செட்டுகளில் நம்பரே கிடையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒன்றாக ஆன் செய்யலாம். மண்டபங்களில் பெயர்கள் எல்.இ.டி. திரையில் ஓடுகின்றன. சலீம் பாண்டியில் சிசிடிவி மாட்டிக் கொடுக்கிறான். காதர் அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் என் தோளில் கை போட்டு, "இவன் பிளேனத்தான் நான் தொலைச்சேன்" என்று நாலு பேரிடம் சொல்வார். நான் மறுப்பதில்லை. என்னைத் தம்பி என்று சொல்லிக் கடைக்காரனிடம் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

புது செட் வந்த வாரமே எனக்கு வேறொரு பிளேன் செய்துகொண்டு குன்றுக்குப் போனோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆன் செய்தோம். அன்றுதான் எங்கள் இரண்டு பிளேனும் நிஜமாகவே ஒன்றாகப் பறந்தன. கீழே இறங்கும்போது சலீம் கேட்டான்:

"கடைசியா ஒரு ரவுண்டு அடிச்சேனே, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க என்னுடையதன் மேலேயே இருந்தது. அவனும் என்னுடையதைப் பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய் வந்தோம். என் பிளேன் எப்படிப் பறந்தது என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.